டிரசர் பதில்கள்: இயற்கை மருந்தா, கெமிக்கல் மருந்தா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்து பற்றியவைதான். நம்மிடம் காய்ச்சலுக்கு விழுங்குவதும் மருந்து, புல்லுக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. அந்த ஒரே சொல் வீட்டில் எத்தனை சண்டையைக் கிளப்பியிருக்கிறது என்று கடிதங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் 31 வருடம் டிரசராக, அதாவது தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்துக் கட்டுப் போடுபவனாக, இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரூங்குப் வாசகர்: எனக்கு 4 ஏக்கர் செம்பனை இருக்கிறது. இரண்டு மாதமாக ஓலையெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை விழுந்து காய்கிறது. உலாட் புங்குஸ், அதாவது பைப்புழு, என்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ கிருமியைத் தண்ணீரில் கலந்து அடிக்கிறார்களாம். கிருமியை அடித்தால் பிள்ளைகளுக்கு நோய் வராதா? கடை மருந்தை அடித்தால் ஒரே நாளில் செத்துவிடும் என்கிறார் மைத்துனர். எதைச் செய்வது?

முதலில் ஓர் ஓலையை வெட்டி இறக்கி, அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள் ஐயா. காய்ந்த இலைத் துணுக்குகளைப் பட்டுநூலால் ஒட்டித் தைத்த மாதிரி சின்னச் சின்னப் பைகள் தொங்கும். ஒன்றைப் பிய்த்து பிளேடால் மெதுவாகக் கீறிப் பாருங்கள், உள்ளே புழு சுருண்டு கிடக்கும். பெண் புழு அந்தப் பையை விட்டு வெளியே வருவதே இல்லை. அதற்குள்ளேயே வளர்ந்து, அதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, அங்கேயே செத்துப்போகிறது. குஞ்சுகள் நூல் விட்டுத் தொங்கி, காற்றில் அடுத்த மரத்துக்குப் போய்விடும். அதனால்தான் உங்கள் 4 ஏக்கரை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, பக்கத்துக் காரர்களும் சேர்ந்து ஒரே சமயத்தில் அடிக்க வேண்டும்.

அந்தக் கிருமியின் பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது இஷிவாட்டா என்பவர் முதலில் பார்த்தது இது. பத்து வருடம் கழித்து ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் மாவைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவில் மறுபடி கண்டுபிடித்தார், துரிங்கியா என்ற அந்த வட்டாரத்தின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இந்தக் கிருமி தன் உடம்புக்குள் ஒரு புரதத்தைப் படிகமாகக் கட்டி வைத்திருக்கிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது, அதில் படிகம் கரையும், கரைந்த புரதம் குடல் சுவரில் தனக்கென்று உள்ள இடத்தில் போய் ஒட்டி ஓட்டை போடும், புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிட்டு ஓரிரு நாளில் சாகும். நம் வயிறு புளிப்பு, அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் கிடையாது. அதனால் பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் தூள் கண்ணிலும் மூச்சிலும் போகாமல் முகத்தை மூடிக்கொண்டுதான் கலக்க வேண்டும், இயற்கை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

மைத்துனர் சொல்லும் மருந்தும் வேலை செய்யும், பொய்யில்லை. சைபர்மெத்ரின் வகையாக இருக்கும், பட்டதும் விழும். ஆனால் அது புழு எது, நமக்கு உதவுகிற பூச்சி எது என்று பார்க்காது. 1981-க்கு முன் செம்பனையில் காய் பிடிக்க ஆள் வைத்து, பூவில் மகரந்தத் தூளை ஊதிவிட வேண்டியிருந்தது, மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அதோடு அந்த வேலையே ஒழிந்தது. இன்று உங்கள் குலையில் காய் நிறைந்திருப்பது அந்த வண்டின் உழைப்பு. சைபர்மெத்ரின் அதையும் கொல்லும், பைப்புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும் குளவிகளையும் கொல்லும். குளவி போனபின் தப்பித்த புழுக்கள் மறுபடி பெருகும்போது அடக்க ஆளே இருக்காது. பெரிய தோட்டங்களில் சாலையோரமாக மஞ்சள் பூச்செடி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு நட்டது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது டர்னெரா, அந்தக் குளவிகளுக்குத் தேன் கொடுக்க நட்டது.

பி.டி.யில் குறையும் உண்டு. புழு அதைத் தின்றால்தான் சாகும், அதுவும் இளம் புழுவாக இருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். பை பெரிதாகி வாயைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆனபின் அடிப்பது தண்ணீரில் காசைக் கரைப்பது மாதிரி. வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்கும், மழை கழுவிவிடும், ஆகவே மாலையில் வானம் பார்த்து அடியுங்கள். எல்லாவற்றுக்கும் முன், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு ஒரு போன் போடுங்கள். 2013-லிருந்து பைப்புழு சட்டப்படி ஆபத்தான பூச்சி என்று பட்டியலில் இருக்கிறது, எண்ணிப் பார்த்து எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று சொல்ல அவர்களிடம் ஆள் உண்டு. தள்ளிப்போட வேண்டாம் ஐயா, ஓலை நன்றாக அரிக்கப்பட்டால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், திரும்பி வர இரண்டு வருடமாவது ஆகும்.

தெலுக் இந்தான் வாசகி: அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். அது எலி மருந்து என்று பக்கத்து வீட்டு அண்ணன் போனில் காட்டினார். அப்பா அன்றோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். உண்மையா?

அம்மா, பத்திரிகை கைக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அண்ணன் சொன்னது உண்மை. அப்பா நிறுத்தியது தவறு. இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் 1920-களில் மாடுகள் காரணமில்லாமல் ரத்தம் கசிந்து செத்தன. பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனச்செடியைத் தின்ற மாடுகள்தான் அவை. 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த கிடேரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து நின்றார். கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடம் ஆனது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கு அனுமதி கிடைத்தது. மறுவருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள்.

ரத்தம் உறைய வைட்டமின் கே தேவை, அது வேலை செய்யும் வழியை வார்ஃபரின் அடைக்கிறது. எலிக்கு அதன் உடம்புக்கு மிஞ்சிய அளவு, உள்ளே ரத்தம் கசிந்து சாகும். அப்பாவுக்குச் சில மில்லிகிராம், ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிடாமல் இருக்க. அந்த அளவு சரியா என்று பார்க்கத்தான் கிளினிக்கில் அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள். இன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எத்தனை நாள் விட்டார் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். விட்டதை எல்லாம் சேர்த்து விழுங்கக் கூடாது. அப்புறம் கீரை, முருங்கையிலை எல்லாம் சாப்பிடலாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மட்டும் வைக்காதீர்கள். கசாயம், மூலிகை மாத்திரை எது கொடுத்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

இந்த எலி மருந்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1958-லேயே ஸ்காட்லாந்தில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் வந்துவிட்டன, நம் செம்பனைத் தோட்டங்களிலும் பிறகு வந்தன. அதற்காக இன்னும் வீரியமான புரோடிஃபாக்கும் மாதிரி மருந்துகள் செய்தார்கள். அதைத் தின்ற எலியை ஆந்தை பிடித்துத் தின்றது, ஆந்தையும் செத்தது. தோட்டத்தில் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி வளர்க்கும் ஆந்தைச் சோடி ஒன்று குஞ்சுகளோடு வருடத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் எலி பிடிக்கும். அதைக் கொன்றுவிட்டு எந்த மருந்தை வாங்கி வைப்பது?

சுங்கை சுமுன் வாசகி: வெண்டைக்காய்ச் செடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. வேப்ப எண்ணெய் போதுமா?

போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்ப எண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு நாலைந்து சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். சாயங்காலம் இலையின் அடிப்பக்கமாக அடியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். உடனே சாகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், வேம்பு பூச்சியின் பசியையும் தோலுரிப்பதையும் கெடுத்துத்தான் கொல்லும். எறும்பு ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மாவுப்பூச்சியை அதுதான் காவல் காக்கிறது.

பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், பாகான் டத்தோ: அம்மா 22 வருடம் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். இப்போது மூச்சு வாங்குகிறது. அந்தப் பழைய புல்லு மருந்தைத் தடை செய்துவிட்டார்களாமே, இப்போது அடிப்பது நல்ல மருந்தா? முழுக்க இயற்கை மருந்துக்கே போய்விட்டால் என்ன?

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

அந்தப் புல்லு மருந்து பராகுவாட். செடியைக் கொல்லும் குணத்தை இங்கிலாந்தில் 1955-ல் கண்டுபிடித்து, 1962-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பச்சையாக எது பட்டாலும் ஒரே நாளில் கருகும், மண்ணில் பட்டால் களிமண்ணோடு ஒட்டி வீரியம் இழக்கும். தோட்டக்காரர்களுக்கு அது அதிசயப் பொருள். மனித உடம்புக்குள் போனால் நுரையீரலைத் தேடிப் போய்ச் சேரும், முறிவு மருந்து கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1-லிருந்து தடை.

நான் வேலை பார்த்த தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்கள் காலையில் வரிசையாக வருவார்கள். விரல் நகம் வெள்ளையாகப் பட்டை விழுந்து, சிலருக்கு அடியிலிருந்து கழன்று தொங்கும். மூக்கில் ரத்தம் வருகிறது என்பார்கள். முதுகில் மாட்டும் பம்பு கசிந்து இடுப்பில் புண் இருக்கும். கையுறை ஸ்டோரில் இருந்தது, ஆனால் அந்த வெயிலில் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது, வேலை முடியாவிட்டால் சம்பளம் குறையும். நான் மருந்து தடவி, கட்டுப் போட்டு, மறுநாள் வேலைக்கு அனுப்பினேன். மேலே எழுதியிருக்க வேண்டும், இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், எந்த வேலை, எத்தனை வருடம், என்னென்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை விவரத்தை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட், குளுபோசினேட். பராகுவாட் அளவுக்கு ஒரு வாயில் ஆளைக் கொல்வதில்லை. அதற்காக நல்ல மருந்து என்று பெயர் வைக்க மாட்டேன். இயற்கைக்கே போய்விடலாம் என்கிறீர்கள், அந்த ஆசை எனக்கும் உண்டு, ஆனால் துபா வேரை நினைத்துப் பாருங்கள். மலாய்க்கார கம்போங்குகளில் வேரை இடித்து ஆற்றில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும். அந்த வேர் மலாயாவிலிருந்து பூச்சி மருந்துக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனது. சுத்தமான இயற்கை. அதிலுள்ள ரோட்டினோன் என்ற பொருளை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது கைகால் நடுக்க நோயின் அறிகுறிகள் வந்தன என்று 2000-ல் ஆய்வு வெளியானது. வேரிலிருந்து வந்ததா, பேக்டரியிலிருந்து வந்ததா என்பது அடிக்கிற ஆளின் நுரையீரலுக்குத் தெரியாது. அது உடம்பில் எங்கே போய் என்ன செய்கிறது, எவ்வளவு போகிறது, யார் கையால் கலக்கிறார்கள், இதைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த புல்லு மருந்து மியூக்குனா கொடிதான். இந்தியாவிலிருந்து வந்த அந்தக் கொடியை இளங்கன்றுகளுக்கு நடுவில் விட்டால் புல்லை மூடி அமுக்கி, மண்ணுக்கு உரமும் சேர்க்கும். பம்பே தேவையில்லை. கன்றின் மேல் ஏறாமல் இழுத்துவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஊத்தான் மெலிந்தாங் வாசகி: குழந்தைக்குச் சளி, இருமல். கிளினிக்கில் ஆண்டிபயாடிக் தரவில்லை. போன முறை மிச்சம் வைத்தது குளிர்ப்பெட்டியில் இருக்கிறது, அதைக் கொடு என்கிறார் மாமியார்.

கொடுக்க வேண்டாம். கரைத்து வைத்த அந்த மருந்து ஒன்றிரண்டு வாரத்திலேயே கெட்டுவிடும், சாதாரணச் சளி வைரஸால் வருவது, அதற்கு ஆண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் உடனே திரும்பிப் போங்கள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். பென்சிலின் ஊசி போட்டு, சாகக் கிடந்த பிள்ளை மறுநாள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த தலைமுறை அவர். ஆனால் 1928-ல் பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கே, 1945-ல் நோபல் பரிசு வாங்கிய மேடையில், அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். அது அப்படியே நடந்தது. பலவீனமான கிருமி சாகும், தாக்குப் பிடித்தது மிஞ்சும், மிஞ்சியது பெருகும். கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் போடுவதை நம் அரசாங்கம் 2019-ல் நிறுத்தியதும் இதற்காகத்தான், வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது.

புதிதாகச் செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். 2018-ல் பிளாசோமைசின் என்ற புது ஆண்டிபயாடிக்குக்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கியது அக்காவோஜென் என்ற கம்பெனி. மறுவருடமே திவாலானது. புது ஆண்டிபயாடிக்கை டாக்டர்கள் அவசரத்துக்கென்று பூட்டி வைப்பார்கள், அப்படித்தான் செய்யவும் வேண்டும், ஆனால் பூட்டி வைத்தால் விற்காது. விற்காததைச் செய்ய எத்தனை கம்பெனி முன்வரும்? அதனால்தான் இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

படிவம் 5 மாணவி, செலேகோ: என் பாட்டிக்கு நிறைய மூலிகை தெரியும். நம் நாட்டுக் காட்டிலிருந்து உலகத்துக்கு மருந்து கிடைத்திருக்கிறதா? இதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?

மகளே, கேட்டாயே!

1987-ல் சரவாக் காட்டில் பிந்தாங்கோர் என்ற மரத்தின் இலையையும் கிளையையும் சேகரித்து அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் ஆய்வுக் கழகத்துக்கு அனுப்பினார்கள். ஆய்வுக்குழாயில் எச்.ஐ.வி. கிருமி பெருகாமல் அது தடுத்தது. பரபரப்பாகத் திரும்பி வந்து பார்த்தால் அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. அதே சாதி மரங்கள் வேறு இருந்தன, அவற்றில் அந்தப் பொருள் சரியாகக் கிடைக்கவில்லை. அப்புறம் அதன் ஒன்றுவிட்ட சகோதரியான இன்னொரு பிந்தாங்கோரில் அதே குடும்பத்துப் பொருள் கிடைத்தது. எதில் தெரியுமா? மரத்தின் பாலில். உன் பாட்டி கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பட்டையைச் சீவிப் பால் எடுத்திருந்தால் அவருக்குப் புரியும், மரத்தைக் கொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். கலனோலைட் என்று அதற்குப் பெயர். பிறகு ஆய்வுக்கூடத்திலேயே செய்யவும் கற்றார்கள், மனிதரிடமும் சோதித்தார்கள், இன்னும் மருந்தாகக் கடைக்கு வரவில்லை. வராமல் போனாலும் போகலாம், இந்த வேலையில் பத்தில் ஒன்பது அப்படித்தான் போகும். அதைத் தாங்குகிற மனம் வேண்டும்.

பாட்டியின் அறிவு எவ்வளவு பெரியது என்பதற்குச் சீனாவின் து யூயூவைப் பார். மலேரியாவுக்கு மருந்து தேடி மூலிகைகளைக் கொதிக்க வைத்து வடித்துப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. ஏறக்குறைய 1600 வருடத்துக்கு முந்திய ஒரு வைத்திய ஏட்டில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. கொதிக்க வை என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பட்டது. சூடில்லாமல் பிரித்தெடுத்தார், 1972-ல் தானே முதலில் விழுங்கிப் பார்த்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015-ல் நோபல் பரிசு.

நம் காலடியும் காடுதான். காசநோயைத் தீர்த்த ஸ்டிரெப்டோமைசினை 1943-ல் மண்ணிலிருந்த கிருமியிலிருந்துதான் கண்டெடுத்தார்கள். மண்ணில் உள்ள கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆய்வுக்கூடத் தட்டில் வளராது என்பார்கள். அமெரிக்காவில் ஒரு குழு அவற்றை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்க்க ஒரு சின்னக் கருவி செய்து, டெய்க்சோபாக்டின் என்ற புதுப் பொருளைக் கண்டு 2015-ல் வெளியிட்டது. செலேகோ மண்ணை யாராவது அப்படிச் சலித்துப் பார்த்திருப்பார்களா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

வேலை நிச்சயம் என்று உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. எஸ்.பி.எம். பரீட்சையில் வேதியியலையும் உயிரியலையும் விட்டுவிடாதே, கணிதம் பிடிக்காவிட்டாலும் பிடித்துக்கொள். அதோடு இந்த விடுமுறையில் ஒரு வேலை செய். ஒரு நோட்டு வாங்கி, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் செடி, இலையா வேரா, பச்சையா காய்ந்ததா, கொதிக்க வைப்பாரா ஊறவைப்பாரா, எந்த நேரத்தில் பறிப்பார், யாருக்குக் கொடுக்கவே மாட்டார் என்று அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுது. மலாய்ப் பெயரும் கேட்டு எழுது, ஒரே பெயருக்கு இரண்டு செடி இருக்கும். எதையும் நீயாகக் குடித்துப் பார்க்காதே. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, நான் படிக்க வேண்டும்.